இரண்டு கழித்தான், ஆறு கூட்டினான்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஏசிக் காற்றுக்கு ஆசைப்பட்டதால் கிடைத்தது.

போன ஜூன் மாதம் ராமேஸ்வரம் போகிற வழியில், ராமநாதபுரத்தில் என் கைபேசி கீழே விழுந்து திரை நொறுங்கியது. கேணிக்கரைப் பக்கம் ஒரு டயர் கடை. அதன் மாடியில் ‘மின்ஹா டெக்னாலஜீஸ்’ என்று போர்டு. கைபேசி பழுது பார்க்கிற கடை என்று நினைத்து ஏறினேன். அங்கே பழுது பார்ப்பதில்லை, மென்பொருள் தயாரிக்கிறார்கள். ஆனால் ஏசி ஓடியது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லி முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன்.

இரண்டு இளைஞர்கள் முதுகுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். நடுவே இரண்டடி இடைவெளிகூட இல்லை. ஒருவன் சொல்வதை மற்றவனுக்கு ஒரு பெண் எடுத்துச் சொன்னாள். அவன் பேசியதும் தமிழ், இவன் பேசியதும் தமிழ், அவள் மொழிபெயர்த்ததும் தமிழ்.

நான் கண்ணால் கண்டது இவ்வளவுதான். பெயர்கள், படகு, சண்டை, சமையல் எல்லாம் என் வேலை.

கிளம்பும்போது அந்தப் பெண் நான் என்ன செய்கிறேன் என்று கேட்டாள். வாரப் பத்திரிகைகளில் தொடர்கதை எழுதுகிறேன் என்றேன்.

“வாரா வாரம் எழுதுறதை, முன்னாடி எழுதுனதோட சேத்து வச்சுப் படிப்பீங்களா சார்?”

நேரமாகிவிட்டது என்று படியிறங்கினேன். நான் படிப்பதில்லை. ஒரு தொடரில் ஆறாவது வாரம் மாரடைப்பில் இறந்த பெரியப்பா, இருபத்து மூன்றாவது வாரம் பட்டு வேட்டியில் வந்து தாலி எடுத்துக் கொடுத்தார். தனித்தனியாகப் படித்தால் இரண்டும் அருமையான அத்தியாயங்கள். எண்பது கடிதங்கள் வந்தன. எழுபத்தொன்பது வசவு. ஒரே ஒரு வாசகர் மட்டும், ‘பெரியப்பா உடல்நலம் தேறியதில் மகிழ்ச்சி’ என்று எழுதியிருந்தார்.

அதனால் இந்தக் கதையை அப்படி எழுதப்போவதில்லை. ஒரு பகுதி எழுதுவேன். உடனே முதலிலிருந்து சேர்த்துப் படிப்பேன். இடறினால் அங்கேயே நின்று சரி செய்வேன். சரி செய்த தழும்புகளை அடைப்புக்குறிக்குள் விட்டுவைக்கிறேன். ஒளித்து என்ன ஆகப்போகிறது.

2

தொடக்கம் அ: பாம்பன் கடல் அன்று வெள்ளித் தகடு போல மின்னி—

நிறுத்தினேன். கதையில் வருகிறவர்கள் டயர் கடை மாடியில் இருக்கிறார்கள். அங்கே ரப்பர் வாசனைதான் வரும்.

தொடக்கம் ஆ: ஆஸ்லினின் நீண்ட கூந்தலில் மல்லிகை—

இது பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும். ஆஸ்லினுக்குப் பிடிக்காது. அடித்துவிட்டேன்.

தொடக்கம் இ: ஆஸ்லினின் அய்யா இன்னொரு தடவை பிடிபட்டால் இரண்டு வருஷம் ஜெயில்.

இதற்குக் கால் இருக்கிறது. நடக்கும்.

ஆஸ்லினின் அய்யா, அதாவது அப்பா, சவேரியார் தங்கச்சிமடத்தில் ஒரு விசைப்படகின் டிரைவர். கடலில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் அது காகிதத்தில்தான் தெரியும், தண்ணீரில் தெரியாது. போன வருஷம் அதைத் தாண்டிவிட்டார். அந்தப் பக்கத்துக் கடற்படை பிடித்துக்கொண்டு போனது. நாலு மாதம் கழித்து விடுவித்தார்கள். விடும்போது நீதிபதி சொன்னார்: மறுபடி வந்தால் இரண்டு வருஷம்.

ஆஸ்லின் மின்ஹா டெக்னாலஜீஸில் சோதனைப் பொறியாளர். அங்கே அவர்கள் செய்துகொண்டிருந்தது ‘கரைக்குரல்’ என்ற செயலி. படகில் கைபேசியை வைத்தால் போதும். எல்லைக்கோடு மூன்று மைலில் இருக்கும்போதே அது குரல் கொடுத்து எச்சரிக்கும். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கும் முதல் சனிக்கிழமை படகுத்துறை ஜெட்டியில் தொடக்க விழா. முதல் இருபது படகுகளில் சவேரியாரின் படகும் ஒன்று.

சவேரியாருக்கு இதில் ஏகப்பட்ட சந்தோஷம். ஆஸ்லினைப் பயமுறுத்தியது அந்தச் சந்தோஷம்தான்.

“விட்டு வந்ததுல இருந்து பயத்துல கோட்டுக்கு ஆறு மைலு இங்கிட்டே திரும்பிருவேன்த்தா,” என்றார் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டே. “இனிமே எதுக்குப் பயம்? ஒன் போனு சொல்ற வரைக்கும் போலாம்ல. அங்கனதான் எறாலு கெடக்கு.”

“அய்யா, அதை இன்னும் முழுசா டெஸ்ட் பண்ணல.”

“என் மக செஞ்சதை நான் டெஸ்ட் பண்ணவா?”

[1, 2 சேர்த்துப் படித்தேன். முதல் வரைவில் சவேரியாரின் மனைவி ஜெபமாலையைச் சாகடித்திருந்தேன், பரிதாபம் கூடட்டும் என்று. நாலாம் பகுதியில் அவர் மகளுக்கு மதியச் சாப்பாடு கட்டித் தரவேண்டியிருக்கிறது. பிழைக்க வைத்துவிட்டேன்.]

3

நிறுவனத்தின் முதலாளி மஹ்மூது. ஷார்ஜாவில் பதினெட்டு வருஷம் ஏசி குழாய் மாட்டியவர். அலுவலகத்து ஏசி அவரே கைப்பட மாட்டியது. இந்தக் கதையில் பிழையில்லாமல் ஓடும் ஒரே எந்திரம் அதுதான்.

செயலியில் சில்லறைப் பகுதிகளை விட்டால் இரண்டு பெரிய பகுதிகள். ஒன்று, படகுக்கும் கோட்டுக்கும் எத்தனை மைல் என்று கணக்கிட்டு எண்ணைத் தருவது. எழுதியவன் சஃபீர். மற்றொன்று, அந்த எண்ணை வாங்கி, மூன்றோ அதற்குக் குறைவோ என்றால் குரல் கொடுப்பது. எழுதியவன் முஸ்அப். குரல், மஹ்மூதின் மனைவி நஸீராவுடையது. “எல்லை நெருங்குகிறது. உடனே திரும்பவும்.” காசு கொடுத்து ஆள் பிடிக்கலாமே என்று கேட்டதற்கு மஹ்மூது, “இந்தக் கொரலைக் கேட்டா நானே எங்க இருந்தாலும் திரும்பிருவேன். மீன்காரன் திரும்ப மாட்டானா?” என்றார்.

ஆஸ்லின் முதல் வாரமே சொன்னாள்: தினம் சாயங்காலம் நாலு மணிக்கு அன்றன்றைக்கு எழுதியதைச் சேர்த்துப் பார்ப்போம். கொஞ்சமாகச் சேர்ப்போம், கொஞ்சமாகச் சோதிப்போம். தப்பு வந்தால் இன்றைக்கு எழுதியதில்தான் இருக்கும், தேட வேண்டியதில்லை.

“ஆஸ்லின்மா,” என்றார் மஹ்மூது, “முப்பது மாடிக் கட்டடத்துக்கு ஏசி டக்ட் மாட்டிருக்கேன். ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு பட்டறையில செய்வாய்ங்க. எல்லாத்தையும் கொண்டாந்து ஒரே நாள்ல மாட்டுவோம். தெனம் மாட்டிக் கழட்டி மாட்டிக் கழட்டிப் பாத்தா கட்டடம் என்னைக்கு முடியுறது?”

“மாட்டுற அன்னைக்குச் சேரலைன்னா பாய்?”

“சுத்தியல் இருக்குல்ல.”

சேர்க்காததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. முஸ்அபின் லாத்தா, அதாவது அக்கா, மர்வாவைக் கட்டியவன் சஃபீர். மச்சான்கள். மூன்று மாதமாகப் பேச்சு இல்லை.

காரணம், பெரியபட்டினத்தில் நடந்த முஸ்அபின் கல்யாணம். சாப்பாடு சகனில். ஒரு பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கை வைப்பார்கள். யார் யாரோடு எந்தச் சகனில் உட்காருகிறார் என்பதை வைத்து அந்த வீட்டில் யாருக்கு என்ன மதிப்பு என்று சொல்லிவிடலாம். வீட்டின் மூத்த மருமகன் சஃபீர் மாப்பிள்ளையின் சகனில் உட்கார வேண்டியவன். அவன் கை கழுவிவிட்டு வருவதற்குள் முஸ்அபின் காலேஜ் கூட்டாளிகள் இடத்தைப் பிடித்துவிட்டார்கள். முஸ்அப் நிமிர்ந்து பார்த்து, “மச்சான், அந்தா அங்கன எடம் இருக்கு,” என்று கையைக் காட்டினான். காட்டிய சகனில் பந்தல் போட்டவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

சஃபீர் இன்னொரு தடவை கை கழுவிவிட்டுப் பசியோடு வீட்டுக்குப் போனான்.

அலுவலகத்தில் இருவரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். எதைச் சொல்ல வேண்டுமானாலும் ஆஸ்லின் வழியாக. மஹ்மூது இருவருக்கும் மாமா முறை. அவர் கவலைப்படவில்லை. “பெருநாளைக்கு மொத்தமாச் சேந்துக்குவாய்ங்க,” என்றார். மனிதர்களையும் அவர் ஒரே நாளில்தான் மாட்டுவார்.

4

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை. மதிய ளுஹர் தொழுகைக்கு ஆண்கள் மூவரும் பள்ளிவாசலுக்குப் போனார்கள். ஒரே பள்ளிவாசல், வேறு வேறு வரிசை. ஆஸ்லின் அம்மா கட்டிக் கொடுத்த நண்டுக் குழம்புச் சோற்றைத் திறக்காமல், யாரிடமும் கேட்காமல், இரண்டு பகுதிகளையும் ஒரு கைபேசியில் சேர்த்தாள். மேசையிலேயே படகு கோட்டை நோக்கிப் போவதுபோல இடங்களைக் கொடுத்துப் பார்த்தாள்.

பத்து மைல். அமைதி. சரி.

ஐந்து. அமைதி. சரி.

மூன்று. அமைதி.

கைபேசியின் ஒலியைக் கூட்டினாள். இரண்டு. ஒன்று. பூஜ்யம். படகு கோட்டின் மேலே நிற்கிறது. நஸீரா பேசவில்லை. கோட்டைத் தாண்டி ஒரு மைல் உள்ளே போனதும், கனிவாக, நிதானமாக, நஸீராவின் குரல் வந்தது: “எல்லை நெருங்குகிறது. உடனே திரும்பவும்.”

மூன்று தடவை பார்த்தாள். மூன்று தடவையும் அப்படித்தான்.

அவர்கள் திரும்பி வந்ததும் கேட்டாள். “சஃபீர், நீங்க தர்ற தூரத்துல ரெண்டு மைலு கொறையுதே.”

“கொறைச்சுத்தான் தருவேன். அந்தாளு எதுக்கும் லேட்டு. சொந்த நிக்காவுக்கே அரை மணி நேரம் லேட்டு. நான் ரெண்டு கழிச்சுக் குடுத்தாத்தான் நேரத்துக்குக் கொரல் குடுப்பாரு. அன்னைக்கே சொல்லிவிட்டேன்ல ஒங்கள்ட்ட?”

முஸ்அப் திரும்பாமலே சொன்னான்: “அவரு குடுக்குற நம்பரை அப்படியே எடுத்துக்க நான் என்ன கிறுக்கனா? பயந்த ஆளு. ரெண்டுன்னு சொன்னா நெசத்துல எட்டு இருக்கும். அதான் ஆறைக் கூட்டிக்கிட்டேன். நானும் சொல்லிவிட்டேன்ல ஆஸ்லின்?”

மூன்று மாதத்தில் முதல்முறையாக மச்சான்கள் இருவரும் ஒரே திசையில் பார்த்தார்கள். ஆஸ்லினை.

[1 முதல் 4 வரை படித்தேன். கணக்கைத் தாளில் போட்டும் பார்த்தேன். இரண்டு கழித்து ஆறு கூட்டினால், உள்ளதைவிட நாலு கூட. கோட்டைத் தாண்டி ஒரு மைல் போனால்தான் அந்தக் கணக்கில் மூன்று வரும். சரியாக இருக்கிறது. சரியாக இருப்பதுதான் பயமாக இருக்கிறது.]

5

இந்த இடத்தில் எனக்கு ஆஸ்லின் மீது சந்தேகம் வந்தது.

இவ்வளவு நேரம் அவளை நல்லவளாக வைத்திருந்தேன். அறிவாளி, யாரும் கேட்காத அறிவாளி. தொடர்கதைக்கு ஏற்ற கதாநாயகி. ஆனால் இருவரும் ‘சொல்லிவிட்டேன்’ என்கிறார்கள். அப்படியானால் சொன்னது எங்கே போயிற்று? நான் எழுதாமல் விட்ட மூன்று மாதத்துக்குள் போய்ப் பார்க்க வேண்டியதாயிற்று.

மார்ச் மாதம் சஃபீர் சொன்னது: “அந்தச் சோம்பேறிட்ட சொல்லுங்க, அவரு லெச்சணம் தெரிஞ்சு ரெண்டு மைலைக் கழிச்சுத்தான் தருவேன்னு.”

ஆஸ்லின் முஸ்அபிடம் சொன்னது: “தூரம் ரெடியாம். பாத்துக் குடுப்பாராம்.”

ஏப்ரலில் முஸ்அப் சொன்னது: “அந்தப் பயந்தாங்கொள்ளிட்ட சொல்லுங்க, அவரு நம்பர்ல ஆறைக் கூட்டித்தான் எடுத்துக்குவேன்னு.”

ஆஸ்லின் சஃபீரிடம் சொன்னது: “கெடைச்சிருச்சாம். பாத்து எடுத்துக்குவாராம்.”

நல்ல எண்ணத்தில்தான் செய்தாள். அலுவலகத்தில் இன்னொரு சண்டை வேண்டாம் என்று வசவுகளை வடிகட்டினாள். வசவோடு சேர்ந்து எண்ணும் போய்விட்டது, அவள் நினைவிலிருந்தும்.*

(* ஆசிரியர் இந்தப் பகுதியைப் படித்துவிட்டு, “கதாநாயகி மேல தப்பு வேணாமே, அந்த மஹ்மூது மேல போட்டுருங்களேன்,” என்றார். போட்டுப் பார்த்தேன். மஹ்மூது தாங்குவார், கதை தாங்கவில்லை.)

அன்று சாயங்காலம் தங்கச்சிமடம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆஸ்லின் யோசித்தாள். அய்யாவை இரண்டு வருஷம் உள்ளே அனுப்பப் பார்த்தது கடற்படை இல்லை. மஹ்மூது பாய்கூட இல்லை. ‘பாத்துக் குடுப்பாராம்’ என்ற அவளுடைய இரண்டு வார்த்தை.

6

இனி ஒரு சொல்லையும் மாற்றுவதில்லை என்று முடிவு செய்தாள். பஸ்ஸில் இருந்தே இருவருக்கும் ஒரே செய்தி அனுப்பினாள். மரியாதை இல்லை, பூச்சு இல்லை: ‘ரெண்டும் சேர்ந்தா நாலு மைல் கூட வருது. சரி பண்ணணும்.’

மூன்று மாதத்தில் அவள் அனுப்பிய முதல் நேர்மையான செய்தி. இருவரும் உடனே கீழ்ப்படிந்தார்கள்.

சஃபீர் தன் வீட்டில் உட்கார்ந்து, ஏற்கெனவே கழித்த இரண்டோடு இன்னொரு நாலைக் கழித்தான். முஸ்அப் தன் வீட்டில் உட்கார்ந்து, கூட்டிய ஆறில் நாலைக் குறைத்தான். மச்சானிடம் கேட்டுக்கொண்டு செய்ய இருவருக்கும் தன்மானம் இடம் தரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஆஸ்லின் சேர்த்துப் பார்த்தாள். ஏழு மைலிலேயே நஸீரா பேச ஆரம்பித்துவிட்டார். நிறுத்தவே இல்லை.

மஹ்மூது கையில் ரிப்பன் சுருளோடு உள்ளே வந்தார். “நேத்து அடிக்கலன்னீங்க, இன்னைக்கு அடிக்குதே. முன்னேற்றந்தானே?”

“மீன் பிடிக்கிற எடமே ஏழு மைலுக்குள்ளதான் பாய். வலை போடுறதுல இருந்து இது கத்திக்கிட்டே இருக்கும்.”

“கத்தட்டுமே. ஜாக்கிரதையா இருப்பாகள்ல.”

“எங்க அய்யா போனைத் தூக்கி ஐஸ் பெட்டிக்குள்ள போட்ருவாக. அப்புறம் நெசமாவே கோடு வரும்போது ஐஸ்தான் திரும்பும்.”

மஹ்மூது ரிப்பனைப் பார்த்தார். அதில் ஒரு பிழையும் இல்லை.

[1 முதல் 6 வரை சேர்த்துப் படித்தேன். ஒருத்தர் செய்த தப்பைவிட, இரண்டு பேர் தனித்தனியே செய்த திருத்தம் அதிகம் கெடுத்திருக்கிறது. என் பெரியப்பா விஷயத்திலும் இதுதான் நடந்தது. அடுத்த வாரம் நான் அவரை மறுபடி சாகடித்தேன்.]

7

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் ஆஸ்லின் இருவரையும் உட்கார வைத்தாள். நாற்காலியைத் திருப்பச் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய அடி இன்றைக்கு வேண்டாம்.

“கூட்டல் கழித்தல் எல்லாத்தையும் எடுத்துருங்க. மொதல்ல ஒரே ஒரு நம்பரு. இவரு அனுப்பணும், அவருக்கு அதே வரணும். வேற ஒண்ணும் வேணாம்.”

“இதுக்குப் போயா டிகிரி முடிச்சோம்?” என்றான் முஸ்அப் சுவரைப் பார்த்து.

சஃபீர் ஒரு விசையைத் தட்டினான். “ஆஸ்லின், அவர்ட்ட சொல்லுங்க. பத்து அனுப்பியாச்சு.”

“முஸ்அப், பத்து அனுப்பியாச்சாம்.”

“அவர்ட்ட சொல்லுங்க. எட்டு வந்திருக்கு. கை அரிக்குது போல, கழிக்காம இருக்க முடியலன்னு சொல்லுங்க.”

ஆஸ்லின் மூச்சை இழுத்துக்கொண்டாள். “சஃபீர், எட்டு வந்திருக்காம். ஒங்களுக்குக் கை அரிக்குதாம். கழிக்காம இருக்க முடியலையாம்.”

சஃபீரின் காது சிவந்தது. பழைய ஒரு கழித்தல், எடுக்க மறந்து, அப்படியே கிடந்தது. எடுத்தான். “பத்து அனுப்பியாச்சு. இதையாவது சோம்பல் முறிச்சிட்டுப் பாக்கச் சொல்லுங்க.”

“பத்து அனுப்பியாச்சாம். சோம்பல் முறிச்சிட்டுப் பாக்கணுமாம்.”

“பத்து வந்துருச்சு.”

ஒரு எண் இரண்டடி தூரத்தைக் கடந்தது. மூன்று மாதம் ஆகியிருக்கிறது.

(நான் கண்ணால் கண்டது இந்தக் காட்சியைத்தான். அப்போது சிரித்தேன். எழுதும்போது சிரிப்பு வரவில்லை.)

பிறகு ஒன்பது. பிறகு எட்டு. ஒவ்வொன்றும் அனுப்பி, வாங்கி, சரி பார்த்து, அப்புறம்தான் அடுத்தது. ஐந்து முடிந்தபோது ஜெபமாலை கைபேசியில் கூப்பிட்டார். ஆஸ்லின் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போனாள். சஃபீர் நாலை அனுப்பிவிட்டுக் காத்திருந்தான். எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து முஸ்அப் சுவரிடம் சொன்னான்: “நாலு வந்துருச்சு.”

சஃபீர் எதிர்ச் சுவரிடம் சொன்னான்: “அல்ஹம்துலில்லாஹ்.”

இதைச் சமாதானம் என்று நான் எழுதமாட்டேன். நாலு வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். ஆஸ்லின் திரும்பி வந்தபோது மூன்றை அனுப்பியிருந்தார்கள். கைபேசியில் நஸீரா ‘உடனே திரும்பவும்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

8

மஹ்மூது படிவத்தை நீட்டினார். ‘முழுச் சோதனை முடிந்தது’ என்று அச்சடித்து, கீழே கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்தது.

“போடும்மா. மூணுல அடிக்குது, என் காதால கேட்டேன்.”

“மேசையில அடிக்குது பாய். கடல்ல அடிக்குமான்னு தெரியாது. என்ஜின் சத்தத்துல கேக்குமா, போனு எடத்தைச் சரியாக் காட்டுமா, ஒண்ணும் தெரியாது.”

“இருபது போட்டுக்கும், மொத்தப் படகுக்கும் குடுத்துட்டா இருபது தடவை டெஸ்ட் பண்ணுன மாதிரிதானே?”

“ஒரு போட்டு போகட்டும். அது வந்து சொல்லட்டும். அப்புறம் ரெண்டு. அப்புறம் நாலு.”

“பந்தலு இருபது போட்டுக்குப் போட்ருக்கும்மா. ஒரு போட்டை நிறுத்தி ரிப்பன் வெட்டுனா ஊரு சிரிக்கும். நீ போடாட்டி நான் போடுறேன்.” பேனாவைத் திறந்தார்.

இந்தப் பேனாவால் அவரை வில்லனாக்கிவிடலாம். எழுதியும் பார்த்தேன்: ‘மஹ்மூதின் உதட்டில் ஒரு கொடூரப்—’ முடியவில்லை. தன் கையால் மாட்டிய ஏசியை, யாரோ வழிப்போக்கன் அனுபவிக்கட்டும் என்று முக்கால் மணி நேரம் விட்டவர் அவர். கெட்டவர் இல்லை. ஒரே நாளில் எல்லாம் சேர்ந்துவிடும் என்று நம்புகிறவர். அது வேறு நோய்.

அவர் கைபேசி அடித்தது. விழாவுக்கு வரவேண்டிய பெரிய அதிகாரியின் அலுவலகம். ஐயாவுக்கு வேறு வேலை, அவருக்கு அடுத்தவர் வருவார், அவரும் ஏழரைக்குள் கிளம்பிவிடுவார். இன்னொன்று: “போட்டோவுல ஒரு போட்டு மட்டும் இருந்தாப் போதும். பின்னாடி கூட்டமா நின்னா வர்ற ஐயா முகம் தெரியாது. மத்ததைத் தள்ளி நிறுத்திருங்க.”

மஹ்மூது பேனாவை மூடினார். தொண்டையைச் செருமினார். “நான் என்ன நெனைக்கிறேன்னா,” என்றார், “ஆரம்பத்துல ஒரு போட்டு போதும். சின்னச் சின்னதாப் போறதுதான் நல்லது. எந்தப் போட்டும்மா?”

ஆஸ்லின் இதை யோசித்திருக்கவில்லை. சின்ன அடி, சின்ன அடி என்று மூன்று மாதமாகச் சொன்னவளுக்கு, முதல் அடியை யாராவது ஒரு ஆளின் காலை வைத்துத்தான் வைக்க முடியும் என்பது அப்போதுதான் உறைத்தது. இருபது படகு. பத்தொன்பது அடுத்த வீட்டு அப்பன்மார்கள்.

“சவேரியாரு போட்டு,” என்றாள். “நானும் வாரேன். இவங்க ரெண்டு பேரும் வாராங்க.”

“நானா?” என்றான் சஃபீர். “எங்க பாட்டனாரு கொழும்புக்குத் தோணி விட்டவரு. எனக்குப் பஸ்லயே வாந்தி வரும்.”

“அவர்ட்ட சொல்லுங்க,” என்றான் முஸ்அப். “நான் பை எடுத்துட்டு வாரேன்னு.”

9

இனி முடிவு.

முதல் முடிவு, பத்திரிகைக்கு ஏற்றது: மூன்று மைலில் குரல் ஒலிக்கிறது. சவேரியார் கண்ணைத் துடைக்கிறார். மச்சான்கள் படகின் மேல்தளத்தில் ஒரே சகனில் பிரியாணி சாப்பிடுகிறார்கள். முதலிலிருந்து சேர்த்துப் படித்தேன். எட்டாம் பகுதியோடு மோதுகிறது. சஃபீர் அந்நேரம் சாப்பிடுகிற நிலையில் இருக்கமாட்டான்.

இரண்டாவது முடிவு, பரிசுக்கு ஏற்றது: குரல் ஒலிக்கவில்லை. படகு கோட்டைத் தாண்டுகிறது. இரண்டு வருஷம். சேர்த்துப் படித்தேன். இதுவும் நிற்கவில்லை. சவேரியார் ஏமாறப் பார்த்தது மகள் மேல் வைத்த நம்பிக்கையில். அந்த மகளே பக்கத்தில் நின்று, ‘நம்பாதீங்க, பாத்துக்கிட்டே இருங்க’ என்று சொல்லும்போது, அவர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிற ஆள் இல்லை.

அதனால் மூன்றாவதை எழுத ஆரம்பித்தேன்.

[அவசரத்தில் சேர்த்துப் படிக்காமல் இறங்கிவிட்டேன். விளைவு: படகில் நஸீராவும் ஏறிவிட்டார். அவருடைய குரல் மட்டும்தான் வர வேண்டும். மரியாதையாக ஜெட்டியில் இறக்கிவிட்டேன். இப்போது படகில் ஐந்து பேர்.]

சனிக்கிழமை, காலை எட்டு மணி. ரிப்பன் வெட்டியாயிற்று, படம் எடுத்தாயிற்று, அதிகாரி போயாயிற்று. சவேரியார் சுக்கானைப் பிடித்திருக்கிறார். கூட வந்த வேல்சாமி முணுமுணுத்துக்கொண்டே கயிற்றைச் சுருட்டுகிறார்.

“பொம்பளப்பிள்ளைய ஏத்திக்கிட்டு எந்த ஊர்லய்யா கடலுக்குப் போறாக?”

“ஏலே, அவ பொம்பளப்பிள்ள இல்ல, டெஸ்ட்டிங்கு,” என்றார் சவேரியார்.

நேற்றுச் சாயங்காலம் ஆஸ்லின் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இரண்டு கழித்தது, ஆறு கூட்டியது, தான் நடுவில் பூசி மெழுகியது. ஒரு சொல்லையும் மாற்றவில்லை. அவர் வலையை ஓரமாக வைத்துவிட்டு, “அப்ப அதை நம்பி நான் போயிருந்தா?” என்று மட்டும் கேட்டார். “கோட்டைத் தாண்டியிருப்பீங்க அய்யா,” என்றாள்.

எட்டு மைல். ஏழு. அமைதி. நேற்றைய தப்பு போய்விட்டது. ஆஸ்லின் குறித்துக்கொண்டாள்.

சஃபீர் படகின் விளிம்பில் குப்புறக் கிடந்து கடலுக்குள் தலையைத் தொங்கவிட்டிருக்கிறான். முஸ்அப் பின்னால் நின்று அவனுடைய பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறான். பேசவில்லை. விடவும் இல்லை.

ஆறு. வழக்கமாகச் சவேரியார் திரும்புகிற இடம். அவர் மகளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். படகு போயிற்று.

ஐந்து. தூரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி. ரோந்துக் கப்பலாக இருக்கலாம். வேறு யாராவது மீன் பிடிக்கிறவர்களாகவும் இருக்கலாம். வேல்சாமி கயிற்றை வைத்துவிட்டு எழுந்தார்.

“திருப்பவாத்தா?” என்றார் சவேரியார்.

திருப்பிவிட்டால் ஐந்து பேரும் பத்திரம். ஆனால் சின்ன அடியெல்லாம் போட்டோவோடு மறந்துபோய், திங்கட்கிழமை மஹ்மூது பாய் மீதிப் பத்தொன்பது படகுக்கும் கைபேசி கொடுப்பார். அது பேசுமா என்று உலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது.

“இன்னும் ஒரு மைலு அய்யா. மெதுவா.”

நாலு.

இங்கே நிறுத்திக்கொள்கிறேன். என் மேசையில் இந்தக் குரல் நூறு தடவை ஒலித்துவிட்டது. அதை நம்பி மூன்றாம் மைலை எழுதினால் நானும் மஹ்மூதும் ஒன்று. நான் கடலுக்குப் போனதில்லை.

கைபேசி இப்போது உங்கள் கையில் இருக்கிறது. முடிவு வரைக்கும் ஒரே மூச்சில் எழுதிவிடாதீர்கள். ஒரு வரி எழுதுங்கள். எழுதியதும் அடுத்ததற்குப் போகாமல், படகில் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஐந்து பேரும் இருக்கிறார்களா?